இசைத்தட்டில் இல்லாத பெயர்

டண்டினொங்,
17.03.1974

அன்புள்ள அக்காவுக்கு,

கமலினி எழுதுவது. நானும் இவரும் நல்ல சுகம். அம்மாவின் முழங்கால் நோ எப்படி இருக்கிறது? உங்களுக்கு ரெலிபோன் எக்ஸ்சேஞ்சில் இன்னும் காலை ஷிப்ட்தானா?

இவருக்கு லொறி செய்யும் தொழிற்சாலையில் வேலை நிரந்தரமாகிவிட்டது. எனக்கு ஆஸ்பத்திரியில் ஆண்கள் வார்ட். மெல்பேணுக்கு வந்து பத்து மாதத்தில் இப்போதுதான் சொல்வதற்கு ஒரு புதினம் கிடைத்திருக்கிறது.

வார்ட்டில் மிஸ்டர் டொய்ல் என்று ஒரு கிழவர். நாற்பது வருடம் குதிரையில் இருந்தபடி மாட்டு மந்தைகளை வடக்கிலிருந்து மாதக்கணக்காக ஓட்டிவந்தவர். இப்போது கண் தெரியாது. தினமும் காலையில் ஒரே கேள்வி: “சிஸ்டர், இந்த ஜன்னல் எந்தப் பக்கம் பாக்குது?” வடக்கு என்பேன். “அப்ப சரி” என்று அந்தப் பக்கம் திரும்பிப் படுப்பார்.

போன மாதம் விரிப்பு மாற்றும்போது என்னை அறியாமல் ஒரு கௌபோய் பாட்டை முணுமுணுத்திருக்கிறேன். வானொலியின் ஆங்கில சேவையில் போக, நீங்கள் வரிகளை எழுதி எடுக்க, நான் பாடிக் காட்டுவேனே, அந்த மாதிரிப் பாட்டு. கிழவர் கையைத் தூக்கினார்.

“யார் பாடுறது? றேடியோவோ?”

“இல்லை, நான்தான்.”

“உனக்கு எந்த ஊர்?”

“யாழ்ப்பாணம்.”

“அது குயின்ஸ்லாந்திலை எந்தப் பக்கம்?”

வார்ட் முழுக்கச் சிரிப்பு. பிறகு பதினாறு பேரும் படுத்தபடி, முழுவதையும் பாடு என்றார்கள். பாடினேன். என்னோடு வேலை செய்யும் நர்ஸின் தமையன் ரெட், சின்ன வாத்தியக் குழு ஒன்று வைத்திருக்கிறார். அவர் கூப்பிட்டு, இரண்டு வெள்ளிக்கிழமையாக ஒரு ஹோட்டலில் பாடுகிறேன். அக்கா, இங்கே ஹோட்டல் என்றால் நம்மூர்த் தேத்தண்ணிக் கடை இல்லை. சாராயம், பியர் விற்கிற இடம். இவர் முன்வரிசையில் எலுமிச்சைத் தண்ணீர் குடித்துக்கொண்டு காவல் இருப்பார். இந்தப் பாட்டுகளை இங்கே கன்ட்ரி மியூசிக் என்கிறார்கள்.

அம்மாவுக்கு எதைச் சொல்வது, எதை விடுவது என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் பாசமுள்ள தங்கை
கமலினி


கொக்குவில்,
09.04.1974

என் அருமைத் தங்கச்சி கமலினிக்கு,

அக்கா எழுதுகிறேன். நாங்கள் இருவரும் சுகம். அம்மாவின் முழங்காலுக்கு எண்ணெய் போட்டு ஒத்தடம் கொடுக்கிறேன். கோயிலுக்கு நடந்து போய் வருகிறார். நீயும் யோகேஸும் குளிருக்குக் கம்பளி போட்டுக்கொள்ளுங்கள்.

உன் கடிதத்தை எக்ஸ்சேஞ்சில் சாப்பாட்டு நேரத்தில் வாசித்தேன். வாசித்துவிட்டு, பக்கத்தில் இருக்கும் கலாவிடம் வாய்விட்டுச் சொன்னேன்: “என்ரை தங்கச்சி வெள்ளைக்காரருக்கு அவையின்ரை பாட்டையே பாடிக் காட்டுறாள்.” அவள் நம்பவில்லை. நம்பும் காலம் வரும்.

அம்மாவுக்குச் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டேன். நீ பாடு.

உன் அக்கா
இராஜேஸ்வரி


டண்டினொங்,
22.08.1975

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் சுகம். உங்களுக்குக் காய்ச்சல் என்று எழுதியிருந்தீர்கள். மாறிவிட்டதா? அம்மா எப்படி?

மிஸ்டர் டொய்ல் இறந்தது பற்றி எழுதியிருந்தேன். கடைசிக் காலத்தில் அவரை வேறு வார்ட்டுக்கு மாற்றினார்கள். அங்கே ஜன்னல் தெற்குப் பக்கம். நான் பார்க்கப் போனபோது அதே கேள்வியைக் கேட்டார். வடக்கு என்றேன். என் வாழ்க்கையில் அப்படி நெஞ்சறிந்து சொன்ன பொய் வேறில்லை. “அப்ப சரி” என்று திரும்பிப் படுத்தார்.

அது மனதைவிட்டுப் போகவேயில்லை. பஸ்ஸில் வரும்போது வரி வரியாக வந்தது. “ஜன்னல் எந்தப் பக்கம்” என்றுதான் பாட்டு தொடங்குகிறது. ஆங்கிலத்தில்தான் எழுதினேன், அக்கா. ஹோட்டலில் பாடியபோது கிளாஸ் சத்தம் நின்றது. அடுத்த கிழமை அந்தப் பாட்டைக் கேட்கவென்றே ஆட்கள் வந்தார்கள். ரெட் அதை நாடாவில் பதிந்து சிட்னிக்கு அனுப்ப, ஒரு இசைத்தட்டுக் கம்பனி எங்களைக் கூப்பிட்டுவிட்டது!

இவர் லீவு போட்டுக் கார் ஓட்டினார். பன்னிரண்டு மணி நேரம். பதிவு அறையில் ஐந்து வாத்தியக்காரர். அதில் ஒருவர், கிட்டாரைக் கிடையாக வைத்து இரும்புத் துண்டால் வழுக்கி வாசிப்பவர், மூன்றாம் தடவை பாடும்போது வாசிப்பதை நிறுத்திவிட்டார். என்ன பிழை என்று பயந்தேன். மூக்கைச் சிந்திவிட்டு, “மன்னிக்கவேணும், இன்னொருக்காப் போவம்” என்றார்.

நான் எழுதி, நான் பாடியது. புது வருடத்துக்குள் தட்டு வந்துவிடும்.

அன்புடன்
கமலினி


கொக்குவில்,
30.09.1975

என் கண்ணான தங்கச்சிக்கு,

காய்ச்சல் எப்போதோ பறந்துவிட்டது. உன் கடிதம் வந்தபின் எனக்கு ஒரு வருத்தமும் கிடையாது.

தபாலதிபர் முதல் கன்ரீன்காரர் வரை எல்லோருக்கும் சொல்லிவிட்டேன். கலா இப்போது நம்புகிறாள். தட்டு வந்ததும், பட்டணத்தில் கிராமபோன் விற்கும் கடைக்காரர் வாசலில் ஒலிபெருக்கி கட்டிப் போடுவதாக வாக்குத் தந்திருக்கிறார். எனக்கு மூன்று தட்டு வேண்டும். ஒன்று வீட்டுக்கு, ஒன்று கடைக்காரருக்கு, ஒன்று உன்னைப் படிப்பித்த பள்ளிக்கூடத்துக்கு.

உறையில் உன் படம் போடுவார்கள்தானே? சேலையா, சட்டையா? பெயரை எப்படி எழுதுகிறார்கள்? யோகேஸின் பெயரையும் சேர்த்தா, தனியாகவா? உடனே எழுது.

அம்மா சுகம்.

உன் அக்கா
இராஜேஸ்வரி


டண்டினொங்,
25.01.1976

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் சுகம். இங்கே வெயில் நூறு பாகையைத் தாண்டிவிட்டது. பின்வளவில் இவர் நட்ட தக்காளி எல்லாம் வாடிப்போயிற்று. மிளகாய் மட்டும் நிற்கிறது.

பாட்டு வெளிவந்துவிட்டது. நாட்டுப்புற வானொலி நிலையங்களில் ஒரு நாளைக்கு மூன்று நான்கு தடவை போகிறதாம். நெடுந்தூரம் லொறி ஓட்டுபவர்கள் கேட்டு எழுதுகிறார்களாம். நல்லாகத்தான் போகிறது.

தட்டை அனுப்பத்தான் இருக்கிறேன். தபாலில் உடைந்துவிடும் என்று இவர் சொல்கிறார். யாராவது ஊருக்கு வந்தால் கொடுத்துவிடுகிறேன். வார்ட்டில் வேலை கூட. அதனால் இவ்வளவுடன் நிறுத்துகிறேன்.

அம்மாவுக்கு என் அன்பு.

கமலினி


கொக்குவில்,
11.06.1976

அன்பான கமலினி,

நலமாக இருக்கிறாயா? இரண்டு கடிதம் போட்டேன், பதில் இல்லை. சுகம் என்று ஒரு வரியாவது போடு.

மகனைப் பார்க்க மெல்பேண் வந்திருந்த மனோரமா அன்ரி போன மாதம் திரும்பிவிட்டார். அவர் வருவதை உனக்கு எழுதியிருந்தேனே, தட்டைக் கொடுத்துவிடுவாய் என்று காத்திருந்தேன். வெறுங்கையோடு வந்தார். அதோடு ஒரு கதையும் கொண்டுவந்தார்: “மூண்டு கடையிலை கேட்டுப் பாத்தனான் பிள்ளை, அப்பிடி ஒரு பேரிலை தட்டே இல்லையாம்.” உங்களுக்கு அந்தப் பெயரை வெள்ளைக்காரருக்கு விளங்கச் சொல்லத் தெரிந்திருக்காது என்று சொல்லி அனுப்பிவிட்டேன். ஆனால் அவர் ஊர் முழுக்க அதையே சொல்லித் திரிகிறார்.

கடைக்காரரிடம் கப்பலில் வருகிறது என்று சொல்லியிருக்கிறேன். எனக்காவது உள்ளதைச் சொல்.

அம்மா சுகம்.

உன் அக்கா
இராஜேஸ்வரி


டண்டினொங்,
14.11.1976

அன்புள்ள அக்காவுக்கு,

உடம்புக்கு ஒன்றுமில்லை. பத்து மாதமாகப் பதில் போடாமல் இருந்ததற்கு வேலை காரணமும் இல்லை.

மனோரமா அன்ரி சொன்னது சரி. என் பெயரில் தட்டு இல்லை. தட்டில் இருக்கும் பெயர் லின் டேல். உறையில் ஒரு பண்ணையின் மரக் கேற்றும் குதிரையும் நிற்கின்றன.

பதிவு முடிந்த மறுநாள் கம்பனிக்காரர் பார்ன்ஸ் எங்களை இருத்திக் கதைத்தார். மரியாதையான மனிதர், எங்களுக்குத் தன் கையால் தேத்தண்ணி ஊற்றித் தந்தார். “உங்கட குரல் தங்கம், மிஸிஸ் யோகேஸ்வரன். ஆனா இந்தப் பாட்டை வாங்கிறது பண்ணைச் சனம். அவையள் முதல்லை குரலுக்குப் பழகட்டும். முகத்தைப் பிறகு பாப்பம்” என்றார். இவர் எழும்பிவிட்டார். நான்தான் கையைப் பிடித்து இருத்தினேன். பாட்டு வெளியே வந்தால் போதும் என்று அப்போது நினைத்தேன். கையெழுத்து வைத்தேன்.

ஒரு நாள் வார்ட்டில் ஒருவரின் தலைமாட்டு றேடியோவில் என் பாட்டு போனது. அவர் பழத்தோட்டக்காரர், விலா எலும்பு உடைந்து வந்தவர். நான் தலையணையைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தேன். “கேள் சிஸ்டர்” என்றார். “இந்த மண்ணிலை பிறக்காதவள் இப்பிடிப் பாடமாட்டாள்.” “ஓம், நல்லாப் பாடுறா” என்றேன். அக்கா, அந்த நேரம் எனக்கு வந்தது அழுகையா, பெருமையா என்று இன்னமும் தெரியவில்லை. இரண்டும்தான்.

அதையும் பொறுத்திருப்பேன். போன கிழமை ஒரு பத்திரிகையில் லின் டேலின் படம் வந்திருக்கிறது. மஞ்சள் தலைமுடி, வெள்ளைத் தொப்பி, யாரோ ஒரு பெண். கீழே என் பாட்டின் வரிகள். வேலியில் சாய்ந்து சிரித்துக்கொண்டு நிற்கிறாள்.

அடுத்த தட்டுக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். நீங்கள் ஊருக்கெல்லாம் சொல்லிவைத்த பிறகு இதை எப்படி எழுதுவது என்று தெரியாமல்தான் இருந்தேன். என்னை மன்னித்துக்கொள்ளுங்கள்.

கமலினி


கொக்குவில்,
05.12.1976

என் செல்லத் தங்கச்சிக்கு,

உன் கடிதம் நேற்று வந்தது. ஷிப்ட் மாற்றி லீவு எடுத்துக்கொண்டு எழுதுகிறேன்.

ஊரை விடு. ஊருக்கு நான் பதில் சொல்லிக்கொள்வேன். பதினொரு வருடமாக இந்தப் பட்டணத்தில் ரெலிபோன் எடுக்கும் எல்லோருக்கும் என் குரல் தெரியும். ஒருவருக்கும் என் முகம் தெரியாது. “மிஸ், கொழும்பு தாங்கோ” என்பார்கள். எனக்கு அதில் கோபமில்லை, அது என் வேலை. அவர்களுடைய கதைக்கு நான் வழி விடுகிறேன், அவ்வளவுதான். நீ செய்தது அதுவா? அந்தப் பாட்டில் இருப்பது நீ கண்டது, நீ பட்டது. டொய்ல் கிழவரின் விரிப்பை மாற்றியது அந்த மஞ்சள் தலைமுடிக்காரி இல்லை.

இனி நானும் ஒன்று சொல்ல வேண்டும். நீ மட்டும் மறைக்கவில்லை. நீ ஆஸ்பத்திரியில் நோயாளிகளுக்குப் பாடுகிறாய் என்றுதான் நான் அம்மாவுக்குச் சொல்லியிருந்தேன். ஹோட்டல் கதையை மனோரமா அன்ரி வந்து அவிழ்த்துவிட்டார். அன்றிலிருந்து அம்மா உன் பெயரை எடுப்பதில்லை. உன்னைப் பற்றிக் கதை எடுத்தால் எழும்பிக் கிணற்றடிக்குப் போய்விடுவார். இரண்டு சொல்லில் “அம்மா சுகம்” என்று எழுதினேனே, அதற்குள் இருந்தது இதுதான்.

அம்மாவை நான் பார்த்துக்கொள்கிறேன். நீ உன்னைப் பார்.

ஒரு தட்டு அனுப்பு. கேற்றும் குதிரையும் என்றாலும் பரவாயில்லை. குரல் உன்னுடையதுதானே, நான் கேட்க வேண்டும்.

உன் அக்கா
இராஜேஸ்வரி


டண்டினொங்,
18.04.1977

அன்புள்ள அக்காவுக்கு,

நானும் இவரும் சுகம். தட்டு உடையாமல் வந்து சேர்ந்தது அறிந்து சந்தோஷம். கடைக்காரர் கதவைச் சாத்திவிட்டு உங்களுக்கு மட்டும் ஆறு தடவை போட்டுக் காட்டினார் என்று எழுதியதை வாசித்து நானும் இவரும் ஒரே அழுகை.

சிட்னிக்குப் போய் வந்தோம். இரண்டாம் தட்டை என் பெயரில், என் படத்தோடு போடுவதென்றால் பாடுகிறேன், இல்லாவிட்டால் இல்லை என்று சொன்னேன். பார்ன்ஸ் கோப்பையைக் கீழே வைத்தார். பிறகு, “லின் டேல் எங்கட பேர். அந்தப் பேரிலை வேறை ஆரும் பாடுவினம்” என்றார்.

“பாடட்டும். ஆனா ஜன்னல் பாட்டு நான் எழுதினது” என்றேன். தட்டின் நடுவில், பாட்டின் தலைப்புக்குக் கீழே, கண்ணாடி போட்டால்தான் தெரியும் எழுத்தில் எழுதியவர் க. யோகேஸ்வரன், அதாவது நான், என்று இருக்கிறது. கையெழுத்து வைத்த அன்றைக்கு இவர் அடம்பிடித்துப் போடுவித்தது. அதனால் அந்தப் பாட்டைப் பாட எனக்கு யாருடைய அனுமதியும் தேவையில்லை.

கம்பனியோடு கதை முடிந்தது. பெரிய ஹோட்டல்கள் கூப்பிடுவதில்லை. ரெட் மட்டும் விட்டுப் போகவில்லை. தீயணைப்புப் படையின் மண்டபம், இவருடைய தொழிற்சாலைக் கன்ரீன், கூப்பிட்ட இடமெல்லாம் என் பெயரில் பாடுகிறேன். போன சனிக்கிழமை ஒருவன் எழும்பிக் கத்தினான்: “லின் டேலின்ரை பாட்டை ஏன் பாடுறாய்? அவள் உன்னைவிட நல்லாப் பாடுவாள்!” மேடையிலேயே சிரித்துவிட்டேன். மற்றவர்கள் ஏன் சிரிக்கிறேன் என்று விளங்காமல் பார்க்க, இவர் மட்டும் பின்வரிசையில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

அம்மா எப்படி, அக்கா? உள்ளபடி எழுதுங்கள்.

கமலினி


கொக்குவில்,
03.10.1977

அன்பான கமலினிக்கும் யோகேஸுக்கும்,

பத்திரிகையில் பார்த்துப் பதறியிருப்பீர்கள். எங்களுக்கு ஒன்றும் இல்லை. ஓகஸ்ட் கலவரத்தில் தெற்கிலிருந்து அடிபட்டு வந்தவர்களால் பள்ளிக்கூடங்கள் நிரம்பியிருந்தன. எக்ஸ்சேஞ்சில் இரட்டை ஷிப்ட் பார்த்தோம். “என்ரை பிள்ளை வந்திட்டானோ?” என்று கேட்டவர்களின் குரல் இன்னும் காதில் நிற்கிறது. அதைப் பற்றி இப்போது எழுத மனமில்லை.

அம்மாவைப் பற்றி உள்ளபடி கேட்டாய். அந்த நாட்களில் எங்கள் வீட்டில் ஒன்பது பேர் தங்கியிருந்தார்கள். அதில் ஒரு பெண் பிள்ளைத்தாய்ச்சி. ஒன்றும் சாப்பிடாமல் சுவரைப் பார்த்தபடி கிடந்தாள். என்ன செய்வதென்று தெரியாமல் பக்கத்து வீட்டுப் பாட்டுப் பெட்டியை வாங்கி உன் தட்டைப் போட்டேன். ஆங்கிலம் அவளுக்கு அவ்வளவாகத் தெரியாது. முடிய, “இன்னொருக்காப் போடுங்கோ அக்கா” என்றாள். அம்மா வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். கிணற்றடிக்குப் போகவில்லை. பிறகு என்னிடம், “இதுவோ அவள் ஹோட்டலிலை பாடுறது?” என்றார். ஓம் என்றேன்.

உடம்பைக் கவனித்துக்கொள்ளுங்கள்.

அக்கா
இராஜேஸ்வரி


டண்டினொங்,
02.04.1978

என் அன்பான அக்காவுக்கு,

எல்லோரும் சுகமாயிருக்க வேண்டும் என்று கும்பிட்டுக்கொண்டு எழுதுகிறேன். இதை அம்மாவுக்குக் கேட்க வாசியுங்கள். எழும்பிப் போனாலும் பரவாயில்லை, சத்தமாக வாசியுங்கள்.

ஈஸ்டர் விடுமுறையில் சிட்னியில் ஒரு வானொலி நிலையம் கன்ட்ரி பாடகர்களுக்குப் போட்டி வைத்தது. ரெட் எனக்குச் சொல்லாமலே பெயரைக் கொடுத்துவிட்டார். கண்காட்சி மைதானத்தின் மண்டபம், பின்னேரம் மூன்று மணி, ஆயிரத்தைந்நூறு பேர். முப்பத்திரண்டு பாடகர்களில் நான் இருபத்தேழாவது. நீலச் சேலையும், குளிருக்குப் போடும் சப்பாத்தும். வேறு யாரையும் மாதிரி உடுத்த மனம் வரவில்லை.

அறிவிப்பாளர் கடதாசியைப் பார்த்து, “கமெல்... கமெல்...” என்று தடுமாறினார். கமெல் என்றால் ஒட்டகம். மண்டபம் சிரித்தது. நான் நடந்து போய் ஒலிவாங்கிக்கு முன் நின்றேன். சிரிப்பு நின்று குசுகுசுப்புத் தொடங்கியது. யாரோ ஒருவர் விசிலடித்தார். ரெட் கிட்டாரைத் தட்டினார்.

முதல் வரி பாடியதும் குசுகுசுப்பு அடங்கியது. இரண்டாம் வரியில், முன்வரிசையில் இருந்த ஒரு கிழவி பக்கத்தில் இருந்தவரின் கையைப் பிடித்து, எனக்கே கேட்கும்படி சொன்னாள்: “இது அவளெல்லே! றேடியோவிலை பாடுறவள் இவள்தான்!” அந்தக் கதை வரிசை வரிசையாகப் பின்னுக்குப் போனதை நான் பாடிக்கொண்டே பார்த்தேன். தலைகள் ஒவ்வொன்றாக நிமிர்ந்தன. மஞ்சள் தலைமுடிக்காரியைத் தேடியவர்கள் என்னைப் பார்த்தார்கள். நான் கண்ணை மூடவில்லை, அக்கா. அத்தனை பேரையும் நேராகப் பார்த்துப் பாடினேன். கடைசி அடியை அவர்களும் பாடினார்கள். முடிந்ததும் கதிரைகளைப் பின்னுக்குத் தள்ளும் சத்தம். எழுந்து நின்றார்கள்.

முதல் பரிசு ஆட்டு மயிர் வெட்டும் ஒரு பொடியனுக்கு. நல்ல பாட்டுக்காரன், அவனுக்குத்தான் தகும். எனக்கு இரண்டாவது. அறிவிப்பாளர் கிண்ணத்தைத் தந்துவிட்டு மறுபடி, “கமெல்லி...” என்றார். நான் ஒலிவாங்கியை வாங்கி, “கமலினி” என்றேன். “என்ரை பேர் கமலினி. நீங்களும் ஒருக்காச் சொல்லுங்கோ.” சொன்னார்கள். முதல் தடவை ஆளுக்கு ஒரு விதமாக. இரண்டாம் தடவை பரவாயில்லை. மூன்றாம் தடவை ஆயிரத்தைந்நூறு பேரும் ஒரே குரலில், லகரம் சுத்தமாக!

மெல்பேணில் ஒரு சின்னக் கம்பனி நாலு பாட்டுக் கேட்டிருக்கிறது. பெயரும் படமும் என்னுடையவை. கையெழுத்து வைக்கமுதல் இவர் இரண்டு தடவை வாசித்தார்.

அம்மாவுக்கும் உங்களுக்கும் முத்தங்கள்.

உங்கள் கமலினி


கொக்குவில்,
29.04.1978

எங்கள் கமலினிக்கு,

நாங்கள் சுகம், மிகவும் சுகம்.

உன் கடிதத்தை நீ சொன்னபடி சத்தமாக வாசித்தேன். அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். எழும்பவில்லை. சேலை என்ற இடத்தில் மட்டும் தலையை ஆட்டினார். முடித்ததும், “அந்தச் சனம் பேர் சொன்ன இடத்தை இன்னொருக்கா வாசி” என்றார். வாசித்தேன். “எத்தினை பேர் எண்டு எழுதியிருக்கிறாள்?” ஆயிரத்தைந்நூறு என்றேன். “மூண்டு தரமோ?” ஓம் என்றேன்.

கீரையைத் தள்ளி வைத்தார். கையைத் துடைத்துக்கொண்டு, கடிதத்தை என்னிடமிருந்து வாங்கி மடியில் வைத்துத் தடவினார். இரண்டு வருடத்துக்குப் பிறகு உன் பெயரை அம்மாவின் வாயால் கேட்டேன், தங்கச்சி. இப்போதே உனக்குப் பதில் போடச் சொல்லி, எழுதும் வரை பக்கத்தில் நின்று, தான் சொன்னதை ஒரு எழுத்தும் மாற்றாமல் எழுத வேண்டும் என்கிறார். எழுதுகிறேன்:

“அந்தப் பேரை வைச்சது நான் எண்டு கமலினி அந்தச் சனத்துக்குச் சொன்னவளோ? சொல்லாட்டி, அடுத்த முறை சொல்லச் சொல்லு.”

உன் அக்கா
இராஜேஸ்வரி